ரோட்டு வழியா வரோணும்

வண்டிய நிறுத்திப்போட்டு எறங்குங்க. இதுக்கு மேல போகாதுங்க. திருப்பறதா இருந்தாக்கூட பின்னால அந்த வேப்பமரத்துக்கிட்டப் போய்த்தான் திருப்போணும், இங்க மண்ணு சக்கரத்த உள்ள வாங்கிக்கும். எறங்குங்க, சித்த நேரம் உக்காருங்க. வெயிலு இந்நேரத்துக்கே இப்படி அடிக்குது.

போன்ல வழி சொல்ற பொம்பள நேராப் போன்னு சொல்லியிருப்பாளே? சொல்லுவாளுங்க. அவளப் பொறுத்த வரைக்கும் இது இன்னும் ஸ்டேட் ஹைவேஸு. எஸ்.எச். இருநூத்தி நாப்பத்தொண்ணு-ஏ. இல்லாமப் போயிருச்சுன்னு அவளுக்கு ஆரும் சொல்லல. நேராப் போறதுன்னா எங்க போறது? எதுத்தாப்பல பாருங்க. கரடாட்டம், சின்னக் குன்றாட்டம் மண்ணக் கொட்டி, அது மேல ரோடு. நம்ம தலைக்கு மேல லாரி போகுது. பழைய தார் ரோடு வந்து அந்த மண்ணுல முட்டிக்கிட்டு நிக்குது. காலைல இருந்து எத்தன காரு வந்து முட்டிட்டுத் திரும்பிப் போச்சு தெரியுங்களா. ஒருத்தரும் எறங்கலீங்க. கண்ணாடிய எறக்கி, "அண்ணா, வழி எப்படி?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் எறங்கியிருக்கறீங்க.

எங்க போறீங்கன்னு கேக்க மாட்டேனுங்க. தெரியும். சத்தம் கேக்குதில்ல, அந்தப் பந்தலுக்குத்தான். இந்த மேட்டுக்கு அக்கட்ட, ஒரு கல்ல வீசுனா விழுகற தூரம். காதுகுத்து. பின் சீட்டுல கலர் காயிதம் சுத்துன பொட்டி கெடக்குதே, வந்ததுமே பாத்துட்டேன். புள்ளையோட அப்பன் தனபாலுக்கு மில்லு ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவருங்களா? அதானே. வேற ஆரு இந்தத் தடத்துல வரப் போறாங்க.

வழி சொல்றனுங்க, சொல்லாம என்ன. மொதல்ல டீ குடிங்க. பால் காலைல வாங்குனது, இன்னும் ஒரு ஆளுக்குப் போடல.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? டீ ஆத்தறவன் பட்டுக்கரை வேட்டி கட்டியிருக்கறானேன்னா? சும்மா கட்டுனதுங்க. கடை வெச்சிருக்கறவன் சுத்தமா இருக்கோணுமில்ல. விசேசத்துக்குப் போறதுக்குக் கட்டுனதுன்னு நெனச்சுக்காதீங்க.

அந்தப் புள்ளைக்குத் தாய்மாமன் நாந்தானுங்க. கிட்டுசாமி. ஆமா, நாந்தான். புள்ளையோட அம்மா பொன்மணி எனக்குக் கூடப் பொறந்தவ. காது குத்தறதுன்னா மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்துவாங்க, உங்களுக்குத் தெரியாததா. பொன்மணிக்கு நான் ஒரே அண்ணன். அங்க வேற மடி கெடையாதுங்க. ஆசாரி ஊசியக் கையில வெச்சுட்டு உக்காந்திருப்பாரு. உக்காந்திருக்கட்டும். என்ற ஊட்டுக்காரி ருக்குமணி விடியறதுக்கு முன்னால சீர்த்தட்டத் தூக்கிட்டுப் போயிட்டா. அவ போகட்டும். நான் போகலீங்க. என்னைய முறையா அழைக்கல.

முறை என்ன முறைன்னு கேட்டீங்கன்னா, ரோட்டுல இருந்து ஆரம்பிக்கோணும். அவசரமில்லீங்களே? பந்தி ஆரம்பிக்கறதுக்கு நேரமிருக்குது. காது குத்துனாத்தானே பந்தி.

எங்கப்பன் கடை போட்டப்ப இந்த ரோட்டுக்கு நம்பரே கெடையாதுங்க. ஜல்லி ரோடு. ஜில்லா ரோடும்பாங்க. அப்பக் கடை இங்க இல்ல, மேக்கால வாய்க்கா மொடக்குல இருந்துது. சந்தைக்குப் போற மாட்டு வண்டி ஒண்ணு விடாம அங்க நின்னு டீ குடிச்சுப்போட்டுத்தான் போகும். அப்பறம் ஒரு நாளு ரோட்டாபீஸ்காரங்க வந்து கடை முன்னால இருந்த கிலோமீட்டர் கல்லுக்குத் தலையில பச்சை பூசுனாங்க. கீழ இருநூத்தி நாப்பத்தொண்ணுன்னு எழுதுனாங்க. ஸ்டேட் ஹைவேஸ் ஆயிருச்சுங்க! எங்கப்பன் அன்னிக்கு வந்தவிக போனவிக எல்லாருக்கும் ஓசில டீ குடுத்தாரு. ஆயுத பூசையன்னிக்கு ரோட்டு வேலைக்காரங்க கல்லுக்கெல்லாம் சந்தனம் பூசி, பொரிகடலை வெச்சுக் கும்பிடுவாங்களே, பாத்திருக்கறீங்களா? எங்க கடைக் கல்லுக்கு மட்டும் எங்கப்பன் சம்மங்கி மாலை வாங்கிப் போடுவாரு. சாமிக்குக்கூட அரளிப் பூதான்.

அந்த மொடக்குல லாரி கவுந்துக்கிட்டே இருந்துதுங்க. வளைவ நிமித்தறோம்னு சொல்லி, மொடக்க விட்டுப்போட்டு நேரா காட்டுக்குள்ளாற ரோட்டப் போட்டாங்க. நம்பரையும் கூடவே எடுத்துட்டுப் போயிட்டாங்க. கடை மொடக்குலயே நின்னு போச்சு. ஒரு வண்டி வரல, ஒரு சைக்கிள் வரல. எங்கப்பன் ஒரு மழைக்காலம் முச்சூடும் வெறும் ரோட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. அப்பறம் தகரம், பெஞ்சு, பாய்லரு எல்லாத்தையும் வண்டியில ஏத்தி இந்த எடத்துக்குக் கொண்டாந்தாரு. பொன்மணி அப்பக் கைக்கொழந்தை. அவளப் பெத்த கையோட எங்கம்மா போய்ச் சேந்துருச்சு. வண்டிக்குப் பின்னால அவள இடுப்புல வெச்சுத் தூக்கிட்டு வந்தவன் நாந்தானுங்க. அவளுக்குச் சோறு ஊட்டுனது, தலை பின்னி விட்டது, பள்ளிக்கூடத்துக்குக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனது எல்லாம் நாந்தான். சொல்லிக் காட்டறதுக்காகச் சொல்லலீங்க. கேட்டா அவளே சொல்லுவா.

அப்பன் போன பொறவு கடை என்ற கைக்கு வந்துது. அப்பப் பாருங்க, நம்பர மாத்துனாங்க. மணல்மேட்டூர் சுத்திப் போற ரோட்டுக்கு எங்க இருநூத்தி நாப்பத்தொண்ணத் தூக்கிக் குடுத்துப்போட்டு, எங்களுக்கு இருநூத்தி நாப்பத்தொண்ணு-ஏ. ஏ-ங்க! சொந்தப் பேர அடுத்தவனுக்குக் குடுத்துட்டு நமக்கு வாலு ஒட்ட வெச்சாப்பல. பஸ்ஸெல்லாம் மணல்மேட்டூர் வழியாப் போக ஆரம்பிச்சுது. எங்கப்பனா இருந்தா மறுக்காவும் பெஞ்சத் தூக்கிட்டு அங்க போயிருப்பாரு. நான் அப்படி இல்லீங்க. ரோட்டப் பின்னால தொரத்திட்டுப் போறது ஒரு பொழப்பா? ரோடு நம்மகிட்ட வரோணும்.

திங்கக்கிழமை ஆனாப் போதும், கடையச் சாத்திப்போட்டு கலெக்டராபீஸ்ல மனுவோட நிப்பேன். ரோட்ட அகலப்படுத்து, வாலை எடு. ஊர் ஊராப் போய்க் கையெழுத்து வாங்குனேன். தனபாலும் கூட வந்தாரு அப்ப. கண்ணாலம் ஆன புதுசு. நானே பாத்துக் கட்டி வெச்ச மாப்ளதான் அவரு. ஏன் அவரப் பாத்தேன்னா, அவரு தோட்டம் நேரா எதுத்தாப்பல. அப்ப இந்த மேடு ஏதுங்க? கடைல இருந்து "பொன்மணி"ன்னு சத்தம் போட்டா, அங்க இருந்து "ஏனண்ணா"ம்பா. கொழம்பு கொதிக்கற வாசம்கூட இங்க வரும். தங்கச்சியத் தூரமாக் கட்டிக் குடுத்துட்டு அவனவன் அழுகறான், நான் ரோட்டத் தாண்டுனாத் தங்கச்சி ஊடுன்னு வெச்சிருந்தேன். அதுல எனக்கு அத்தன பெருமை.

மனு பலிச்சுதுங்க. பலிக்காம என்ன, அத்தன நடந்தனே. ஏ போச்சு. எஸ்.எச்.சும் போச்சு. டில்லிக்காரங்க எடுத்துக்கிட்டாங்க, நேசனல் ஹைவேஸு, நாலு வழி. கல்லுக்குத் தலையில மஞ்சளு. நானும் எங்கப்பனாட்டம் ஊருக்கே ஓசில டீ குடுத்தேன்.

அப்பறம் எஞ்சினியர் பையன் ஒருத்தன் வந்தான். நல்ல பையந்தானுங்க, மரியாதை தெரிஞ்சவன். இந்தா, நீங்க உக்காந்திருக்கற இதே பெஞ்சுலதான் மேப்ப விரிச்சான். "அண்ணா, இந்த எடத்துல ரோடு ஒசரமா வரும். ஜனங்க அக்கட்ட இக்கட்ட போறதுக்கு உங்க கடைக்கு நேரா ஒரு சப்வே போட்டுறலாமுங்களா?"ன்னான். ஏனுங்க, நீங்களே யோசிச்சுப் பாருங்க. கடை முன்னால குழியத் தோண்டி வெச்சா எந்த வண்டிக்காரன் நிறுத்துவான்? அது டீக்கடையா, கெணறா? "தம்பி, எனக்குக் கடை முன்னால ரோடு வேணும், குழி வேண்டாம்"னு சொல்லிப்போட்டேன். அவன் விடல. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணா"ன்னு மறுக்காவும் கேட்டான். நானா ஏமாறுவேன்? ரோட்டுக்காக ஊர்ல போட்ட கூட்டத்துலயே எந்திரிச்சு, இங்க சப்வே வேண்டாம்னு எல்லாருக்கும் கேக்கறாப்பல சொன்னேன்.

அப்ப தனபாலு எந்திரிக்கறாரு. "அப்படின்னா அதப் பள்ளிக்கூடத்துக்கிட்டப் போடுங்க, புள்ளைங்க தாண்டறதுக்கு ஆகும்"ங்கறாரு. போட்டுட்டாங்களே! தெக்கால, கண்ணுக்கெட்டாத தூரத்துல. இங்க மழத்தண்ணி போறதுக்கு ஒரு சிமிட்டி பைப்ப மட்டும் பொதைச்சாங்க. எங்களுக்கு வர வேண்டிய சப்வேயத் தட்டிட்டுப் போனது ஆருன்னு இப்பப் புரியுதுங்களா? சொந்த மாப்ளைங்க. என்னத்தச் சொல்ல.

ஒசரமா வரும்னு சொன்னானே தவிர, எவ்வளவு ஒசரம்னு அந்தப் பையன் தெளிவாச் சொல்லோணுமில்ல? ஒரு முழம், ரெண்டு முழம்னு நான் நெனச்சிருந்தேன். டிப்பரு வந்து கொட்டுது, கொட்டுது, கொட்டிக்கிட்டே இருக்குது. மொதல்ல பொன்மணி ஊட்டுத் திண்ணை மறைஞ்சுது, அப்பறம் ஓடு மறைஞ்சுது, கடைசியாத் தென்னமரத்துத் தலை மட்டும் தெரிஞ்சுது. இப்ப அதுவும் தெரியறதில்ல. காலைல கடையத் தொறந்தா மண்ணு, சாத்தும்போது மண்ணு. பின்னால வாய்க்கா. நடுவுல நானு. பழைய ரோட்டுல குழி உழுந்து கெடக்குதே, போடுங்கன்னு ரோட்டாபீஸ்ல கேட்டா, அது எங்க கணக்குல இல்லைங்கறாங்க. பஞ்சாயத்துல கேட்டா, எங்களுக்கு இன்னும் ஒப்படைக்கலைங்கறாங்க. கடையும் விக்காது. வாங்க வர்றவனுக்கு வர வழி வேணுமில்ல?

இருங்க, இருங்க. மைக்குல என்னமோ சொன்னாங்க. லாரி ஒண்ணு போயிருச்சு நடுவுல. உங்களுக்குக் கேட்டுதுங்களா? தாய்மாமன்னு சொன்னாப்பல இல்ல? இல்லைங்களா? வெத்தலபாக்கு வாங்கிட்டுப் போகச் சொல்லியிருப்பாங்க. எனக்குத்தான் அப்படிக் கேட்டிருக்கும்.

எங்க விட்டேன்? ஆமா, பைப்பு. அந்தப் பைப்புக்குள்ளாறதான் இப்ப எல்லாரும் பூந்து போறாங்க. ஆடு போகுது, நாய் போகுது, பால்காரன் கேனத் தூக்கிட்டுப் போறான். ருக்குமணி தெனமும் போறா. முதுகு வலிக்குதுன்னு தைலம் தேச்சுக்கறா, மறுநாளும் போறா. நான் போனதில்லீங்க. ரோட்டுக்காக மனுக் குடுத்தவன், கையெழுத்துக்காக ஊரூரா அலைஞ்சவன், அதே ரோட்டுக்கு அடியில ஆட்டோட ஆடா குனிஞ்சு போகோணுமா? இந்த மேடு வந்ததுல இருந்து நான் தங்கச்சி ஊட்டுக்குப் போகலீங்க. கேக்கறதுக்கு உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். வேணும்னேவா நான் போகல? ரோடு விடல.

பொன்மணிக்கு ரொம்ப வருசம் கழிச்சுப் பொறந்த புள்ளைங்க அது. போகாத கோயில் இல்ல. பேரு நறுமுகையாம், எனக்கு வாயில நொழையறதில்ல, அம்மிணின்னுதான் கூப்புடுவேன். அந்தப் பைப்புக்குள்ளாறதான் துணியில சுத்திக் கொண்டாந்து எனக்குக் காட்டுனா. இப்ப ஆத்தாளோட கையப் புடிச்சு நடந்தே வர்றா. அவளுக்கு மட்டும் குனிய வேண்டியதில்ல. வந்ததும் நேரா என்ற மீசையப் புடிச்சு இழுப்பா. நாலு நாளு வரலைன்னா எனக்குச் சோறு எறங்கறதில்லீங்க.

அழைப்பச் சொல்ல வந்தேன். போன வாரம் பொன்மணியும் தனபாலும் தாம்பாளத் தட்டோட வந்தாங்க. வெத்தல, பாக்கு, பழம், பூவு, எல்லாம் முறைப்படி. ஆனா வந்தது எப்படி? பைப்புக்குள்ளாற பூந்து, பின்பக்கமா. சாம்பல் கொட்டற எடத்துல வந்து நிக்கறாங்க. அவ தலையில ஒட்டடை, தனபாலு முட்டியில சேறு. "அண்ணா, அழைக்க வந்திருக்கறோம்"ங்கறா. தாய்மாமன அழைக்கற எடமா அது? என்ற மனசு எப்படி இருந்திருக்கும்? "மாமன அழைக்கோணும்னா வாசலுக்கு வரோணும். ரோட்டு வழியா வரோணும்"னு சொன்னேன். பொன்மணி சுத்திக்கிட்டு முன்னால வந்து, இந்தா, இந்த மண்ணுக்கும் கடைக்கும் நடுவுல இருக்கற சந்துல நின்னா. தட்ட நீட்டிக்கிட்டு நிக்கறா. தனபாலு கேக்கறாரு, "எந்த ரோட்டு வழியா மச்சான் வரச் சொல்றீங்க?"ன்னு.

நக்கலுங்க. சுத்த நக்கல். நீங்க என்ன நெனக்கறீங்க? நக்கல் இல்லாம வேற என்ன? நான் உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டேன். தட்டப் பெஞ்சு மேல வெச்சுட்டுப் போயிட்டாங்க. பழம் கறுத்துப் போய், நேத்துத்தான் ருக்குமணி எடுத்து மாட்டுக்குப் போட்டா. அவ எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் எனக்கு எல்லாத்துக்கும் மேல எரியுது. ரெண்டு திட்டுத் திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டிப்போட்டு அவ பின்னாலயே போயிருப்பேன்.

இப்ப உங்களுக்கு வழி சொல்றேன். வந்த தடத்துலயே திரும்பிப் போங்க. மூணு ரோடு பிரியற எடத்துல சோத்தாங்கைப் பக்கம் ஏறுனா பைபாஸு, நம்ம தலைக்கு மேல போற இதே ரோடு. அதுல மணல்மேட்டூர் மேம்பாலம் வரைக்கும் போய்ச் சுத்தி, மறுபடியும் இக்கட்டயே வந்து, பள்ளிக்கூடத்துச் சப்வேல பூந்து, தோட்டத்துத் தடத்துல வரோணும். முக்கா மணி நேரம் புடிக்கும். முன்னால வந்த காருகளும் இப்பத்தான் போய்ச் சேந்திருக்கும். நடந்து போறதா இருந்தா அந்தப் பைப்புல நாலு எட்டு. ஆனா பேண்ட் போட்டிருக்கறீங்க.

இருங்க.

மைக்கு. இப்ப லாரி இல்ல. பேசாதீங்க.

அது பொன்மணிங்க. அவ கொரலு. மைக்குல பேசற பழக்கமே இல்ல அவளுக்கு, ஊதற சத்தந்தான் கேக்குது.

"அண்ணா."

கேட்டீங்களா? பந்தல்ல அத்தன சனம், மாமியா, நாத்தனாரு, மில்லுக்காரங்க எல்லாரும் இருக்கறப்ப. "அண்ணா, வெயில் ஏறுது. ஆசாரி அடுத்த ஊட்டுக்குப் போகோணும்ங்கறாரு. தூரத்துல எனக்குத் தம்பி முறை ஆகற ஒருத்தர உக்கார வெக்கலாம்னு இங்க சொல்றாங்க. நான் முடியாதுன்னு சொல்லிட்டேன். புள்ளை உன்னையத்தான் கேக்கறா. நீ வரலைன்னா இன்னிக்கு காது குத்தல. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். சின்ன வயசுல இருந்தே அப்படித்தானுங்க, அடம். அழுகறாளா, பாருங்க? எனக்குச் சரியாக் கேக்கல. அழுகறா. அழுகறாளுங்க. நாந்தான் அழ வெச்சிட்டேன், இத்தன சனத்துக்கு முன்னால. வேற ஒருத்தன் மடியில உக்கார வெச்சிருவாங்கன்னு காலைல இருந்து அந்த மைக்குக்கே காதக் குடுத்துட்டு உக்காந்திருந்தேன். உங்ககிட்ட ரோட்டப் பத்திப் பேசுனதெல்லாம் அதுக்குத்தான்னு வெச்சுக்கங்க.

டீக் கிளாச அப்படியே வெச்சிருங்க. காசெல்லாம் வேண்டாம். நான் சொல்றதக் கேளுங்க. நீங்க ஒறம்பரை, விருந்தாளி. மொத தடவ எங்க பக்கம் வர்றீங்க, வழி தெரியாம நிக்கறீங்க. உங்கள மணல்மேட்டூர் சுத்தி அனுப்பிச்சா நல்லாவா இருக்கும்? நாளைக்கு மில்லுல என்ன பேசுவாங்க? நான் உங்களக் கொண்டு போய் விடறேன். அதுக்குத்தான் வர்றேன். பந்தல்ல ஆராச்சும் கேட்டா, "வழி தெரியல, இவருதான் கூட்டிட்டு வந்தாரு"ன்னு நீங்க சொல்லோணும். நான் வாயத் தொறக்க மாட்டேன். சொல்லுவீங்கல்ல? சத்தியமா?

பொட்டிய எடுத்துக்கங்க. கார அப்படியே நிறுத்துங்க, இங்க எவனும் வர மாட்டான். ஒரு நிமிசம், சட்டைப் பையில இருக்குதான்னு பாத்துக்கறேன். இருக்குது. கம்மலுங்க. மாமன் போடற கம்மலு. சின்னதுதான், ஆனா கல்லு நல்லாருக்கும், வேணும்னா அப்பறமாப் பாருங்க.

இப்படி வாங்க. சாம்பலு, பாத்து. இதுதான். நீங்க முன்னால போங்க, நான் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வர்றேன். தண்ணி இல்ல, சேறுதான். குனிங்க. பொட்டிய நெஞ்சோட அணைச்சுக்கங்க. மேல கேக்குதுங்களா, கடகடன்னு? அதாங்க எங்க ரோடு. இன்னும் குனிங்க. பாதிக்கு மேல ரெண்டு பைப்பச் சேத்து வெச்ச எடம் ஒண்ணு வரும், ஒரு சாண் எறங்கியிருக்கும், அங்க தலை தட்டும்.

எப்படித் தெரியும்ங்கறீங்களா? காலைல இது வரைக்கும் வந்தேன். ருக்குமணி போன பொறவு. இந்த எடத்துல நின்னுட்டேன். அக்கட்ட வெளிச்சத்துல பந்தக்கால் தெரிஞ்சுது, புள்ளைங்க ஓடறது தெரிஞ்சுது. ஆராச்சும் எட்டிப் பாத்து வான்னு சொல்லுவாங்களான்னு குனிஞ்ச வாக்குலயே நின்னேன். ஆருக்குத் தெரியும், நான் இங்க நிக்கறது? திரும்பிட்டேன்.

நிக்காதீங்க. நடங்க. நீங்க நின்னா நானும் நின்னுருவேன்.